அடுப்பு மேடைக் கல்

முண்டியம்பாக்கத்தில் என் தந்தை கட்டிய வீட்டின் பின்கட்டில் ஒரு விறகடுப்பு இன்றும் இருக்கிறது. இருக்கிறது என்பதைவிட, இடிபடாமல் தப்பியிருக்கிறது என்பதே சரியாக இருக்கும். வீட்டைப் பழுதுபார்க்க வந்த கொத்தனார் அதைப் பார்த்த மறுநிமிடமே, "இத எடுத்துட்டா வாஷிங் மெஷின் வைக்க எடம் கெடைக்கும் சார்" என்றார். ஏதோ ஒரு வேகத்தில், "வேணாம், இத நான் சரிபண்ணப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். தமிழ் இலக்கியம் பயின்று, இருபது ஆண்டுகளாக அதையே கல்லூரியில் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருக்கும் ஒருவனுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்? அந்த அறியாமையின் கதையைத்தான் நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் அந்த அடுப்பைச் சொல்லிவிட வேண்டும். நின்றபடி சமைக்கும் உயரத்தில் ஒரு மேடை. அதன் நடுவில் செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய இரட்டை அடுப்பு, மேலே புகைபோக்கி. மேடையின் முன்விளிம்பிலும் இரு பக்கங்களிலும் கருங்கல் பலகைகளைச் சட்டம்போலப் பதித்திருந்தார் அப்பா. திண்டிவனம் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் கழித்துப் போட்ட துண்டுகளை, தெரிந்தவர் ஒருவரின் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததாகச் சொல்வார். பாத்திரங்களை இறக்கி வைக்கும் மேற்பரப்பு மட்டும் கடப்பைக் கல். மலைநகரத்துப் பழைய பங்களாக்களில் கணப்பைச் சுற்றிச் சலவைக்கல் சட்டம் பதித்திருப்பார்கள் அல்லவா? எங்கள் வீட்டில் அந்த இடத்தை வகித்தது இதுதான்.

என் இளமை நினைவில் அந்த மேடை எப்போதும் பளபளப்பாகவே இருக்கிறது. மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் அம்மா சிம்னி விளக்கை அதன்மேல் வைப்பார். கீழே கல்லுக்குள் இன்னொரு விளக்கு எரியும். அதைப் பார்த்துக்கொண்டே மணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறேன். சவுக்கு விறகும் மல்லாட்டைத் தோலும் எரிகிற மணமும், வெளியே ஆலையை நோக்கிப் போகும் கரும்பு வண்டிகளின் ஓசையும், அந்தக் கறுப்பு மினுமினுப்பும் சேர்ந்ததுதான் எனக்கு வீடு என்பது.

1996இல் எங்கள் வீட்டுக்கு எரிவாயு வந்தது. பின்கட்டு அடுப்பு வெந்நீர் போடுவதற்கு மட்டும் என்றாகி, சில ஆண்டுகளில் அதற்கும் இல்லாமல் போயிற்று. மேடைமேல் பெயின்ட் டப்பாக்களும் பழைய செய்தித்தாள்களும் ஏறின. நான் மீண்டும் அதைக் கவனித்துப் பார்த்தபோது, கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கலந்து ஒரு தோல்போல மூடியிருந்தன. கல் எது, கறை எது என்று பிரித்தறிய முடியவில்லை.

அம்மா அப்போது திண்டிவனத்தில் தங்கையின் வீட்டில் இருந்தார். பொங்கலுக்கு ஊர் திரும்புவதாகத் திட்டம். அதற்குள் மேடையைப் பழையபடி ஆக்கிவைத்து அவரை வியக்கவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஆசை இருந்த அளவு பொறுமை இல்லை. தெருவில் சைக்கிளில் விற்றுக்கொண்டு வந்தவரிடம், கழிவறை கழுவும் ஆசிட் ஒரு பாட்டில் வாங்கினேன். மேடை முழுவதும் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்தேன். நுரை பொங்கியது. அழுக்குதான் கழன்று பொங்குகிறது என்று மகிழ்ந்தேன். நீரூற்றிக் கழுவிவிட்டுக் காயவிட்டுப் பார்த்தபோது, முன்விளிம்புக் கருங்கல் பெரிதாக மாறாமல் இருந்தது. மேற்பரப்பு மட்டும் சுடுகாட்டுச் சாம்பல்போல வெளுத்துக் கிடந்தது. கையால் தடவினால் சொரசொரத்தது. முப்பது ஆண்டுப் புறக்கணிப்பு செய்யாத கேட்டை நான் அரைமணி நேரத்தில் செய்துவிட்டேன்.

விழுப்புரத்திலிருந்து ஒரு பெரியவரை வரவழைத்தேன். மொசைக் தரைகளுக்கு மெருகேற்றும் வேலையில் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். அவர் எதுவும் பேசாமல் ஒரு எலுமிச்சம்பழம் கேட்டார். மேடையின் மூலையில் ஒரு சொட்டும், முன்விளிம்புக் கல்லில் ஒரு சொட்டும் விட்டார். சற்று நேரம் கழித்துத் துடைத்துக் காட்டினார். மூலையில் வட்டமாக ஒரு மங்கல். முன்கல்லில் ஒன்றும் இல்லை.

"ரெண்டும் கறுப்புதான் சார். ஆனா ரெண்டும் வேற வேற கல்லு. கடப்பாவுக்குப் புளிப்பு ஆகாது."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடப்பைக் கல் சுண்ணாம்புக்கல் இனம். அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்து கரியமில வாயுவாகப் பொங்கும். நான் கண்டு மகிழ்ந்த நுரையில் கல்லும் கரைந்து போய்க்கொண்டிருந்தது. புளியும் எலுமிச்சையும் மோரும் சிந்தினாலே அது மெல்ல மங்கும். பித்தளைக்கு மெருகு தரும் புளி கடப்பைக்குப் பகை. முன்விளிம்பில் இருந்ததோ எங்கள் பக்கத்துக் கருங்கல். திண்டிவனம் வட்டாரத்துக் குன்னத்தில் எடுக்கப்படும் கறுப்புக் கல் ‘குன்னம் பிளாக்’ என்ற பெயரில் வெளிநாடு வரை அறியப்பட்டது. வணிகர்கள் அதைக் கறுப்புக் கிரானைட் என்பார்கள். நிலவியலார் அதை டாலரைட் வகையில் சேர்ப்பார்கள். பூமிக்கடியிலிருந்து எழுந்த பாறைக்குழம்பு, பழைய பாறைகளின் விரிசல்களில் புகுந்து உறைந்தது அது. சமையலறைப் புளிப்பு அதை ஒன்றும் செய்வதில்லை.

பெரியவர் முதலில் செய்யச் சொன்னது மெருகேற்றுவது அல்ல, கழுவுவது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்துத் தேய்க்கச் சொன்னார். எண்ணெய்ப் பிசுக்கை அது சோப்பாக மாற்றிக் கழற்றும். இரண்டு கல்லுக்கும் தீங்கில்லை. அதன் பின்னும் கல்லுக்குள் ஊறிப்போன எண்ணெய்த் திட்டுகள் தெரிந்தன. கல்லூரியில் மிஞ்சிய சாக்குக்கட்டிகளைப் பொடித்துச் சோப்புநீரில் குழைத்து, அப்பளக் கனத்துக்கு அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடி ஓர் இரவு விட்டேன். மறுநாள் தாளை எடுத்துக் காயவிட்டுச் சுரண்டியபோது, வெள்ளைப் பொடி பழுப்பாகியிருந்தது. உள்ளே இருந்த எண்ணெயைப் பொடி உறிஞ்சிக்கொண்டது. கரும்பலகையில் நான் எழுதிய எதுவும் இவ்வளவு பயன்பட்டிருக்குமா என்று தெரியவில்லை.

அடுத்துத்தான் தேய்ப்பு. கார்பரண்டம் கற்களைக் கொண்டுவந்திருந்தார். கரடானது முதலில், நைசானது பிறகு. அதன்பின் வாட்டர் பேப்பர்: 220, 400, 600, 1000. எண் கூடக்கூட மணிகள் பொடிந்து கொண்டே போகும். ஒவ்வொரு கட்டத்தின் வேலையும் அதற்கு முந்தைய கட்டம் உண்டாக்கிய கீறலை அகற்றுவதுதான். நடுவில் ஓர் எண்ணைத் தாண்டிப் போனால், கடைசி மெருகில் அந்தக் கீறல் வந்து நிற்கும். திரும்பவும் பழைய எண்ணுக்கே வர வேண்டும். நான் ஒருமுறை 400ஐ அவசரமாக முடித்துவிட்டு, மறுநாள் முழுவதும் அதற்கு வட்டி கட்டினேன்.

"பாலிஷ்னா எதையோ பூசறோம்னு நெனைக்கிறாங்க சார். பூசறது ஒண்ணும் இல்ல. கீறல எடுக்கறதுதான்" என்றார் பெரியவர். ஒரு கை நீரை அள்ளித் தெளித்தார். வெளுத்த கல் சட்டெனக் கறுத்து மின்னியது. "தோ, இப்ப தெரியுதே, இதான் அதோட நெஜக் கறுப்பு. தண்ணி காயறதுக்குள்ள மறைஞ்சிடும். காஞ்சப்பறமும் இதே மாதிரி நிக்க வைக்கணும், அவ்ளோதான் வேல."

கண்ணுக்குத் தெரியாத ஆயிரமாயிரம் பள்ளங்கள் ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிப்பதால்தான் கல் மங்கித் தெரிகிறது. நீர் அந்தப் பள்ளங்களை நிரப்பித் தற்காலிகமாகச் சமனாக்குகிறது. தேய்ப்பு அதையே நிலையாகச் செய்கிறது. இவ்வளவுதான் விஷயம் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதிவிடலாம். கையால் செய்ய எங்களுக்கு நான்கு நாள்கள் ஆயின.

அவர் நீரில்லாமல் கல்லைத் தொடவே மாட்டார். கல்தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பாது என்பதை உடன் வேலை செய்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர். கடைசியில் கடப்பைக் கல்லின்மேல் ஆக்சாலிக் ஆசிட் பொடியைத் தூவி, ஈரத் துணிச்சுருளால் அழுத்தி அரைத்தார். மறுபடியும் ஆசிட்டா என்று பதறினேன். இது வேறு, கல்லின் கால்சியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத மெல்லிய படலமாக ஆகிவிடும் என்று பின்னர் படித்தேன். ஆனால் நஞ்சு, கையுறை இல்லாமல் தொடலாகாது, சமைக்கும் இடமென்றால் பலமுறை கழுவியே தீரவேண்டும். முன்விளிம்புக் கருங்கல்லுக்கு இது போதாது. அதற்கு டின் ஆக்ஸைடு பொடியும், இன்னும் கூடுதலான கைவலியும் தேவைப்பட்டன.

அந்த முன்விளிம்பில்தான் ஒரு சிக்கல் எழுந்தது. அடுப்பின் வலப்பக்கம், ஒரு சாண் நீளத்துக்குக் கல் உள்வாங்கி, தோணிபோலக் குழிந்திருந்தது. அம்மா கத்தி தீட்டிய இடம். வெண்டைக்காயோ வாழைப்பூவோ எடுக்குமுன் கத்தியை இரண்டு இழுப்பு அங்கே இழுத்துக்கொள்வார். மேடை முழுவதும் மங்கிக் கிடந்தபோதும் அந்தக் குழி மட்டும் கண்ணாடியாக இருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"மெஷின் வச்சி மூணு மில்லி எடுத்தா மட்டமாயிடும் சார். இல்லன்னா பாலிஷ்ல கோணலாத் தெரியும்" என்றார் பெரியவர்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை கோயில் சுவர்கள். 1990களிலும் அதற்குச் சற்றுப் பின்னும், திருப்பணி என்ற பெயரில் தமிழ்நாட்டின் பல கோயில்களில் உயரழுத்தக் காற்றோடு மணலைப் பீய்ச்சிக் கற்சுவர்களைத் துப்புரவு செய்தார்கள். சுண்ணாம்பும் எண்ணெயும் போயின. கூடவே கல்லின் மேல்தோலும் போயிற்று. கல்வெட்டுகளின் எழுத்து விளிம்புகள் மழுங்கின. கல்வெட்டறிஞர்கள் வலுவாக எதிர்த்ததன் பிறகே அம்முறைக்குத் தடை வந்தது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பனையபுரம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய புறவார் பனங்காட்டூர் அதுதான். அங்கே சோழர் காலக் கல்வெட்டுகளை விரலால் தொட்டுப் படிக்க முயன்றிருக்கிறேன். ஒரு மில்லிமீட்டர் ஆழந்தான், ஆயிரம் ஆண்டுச் செய்தி அதில் இருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் வழியில் மண்டகப்பட்டும் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை எடுத்தேன் என்று ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் அங்கே பொறித்துவைத்தான். அரசன் பெயர் எழுதினான். இவர் கத்தி தீட்டினார். எங்கள் வீட்டில் அம்மாவின் கைப்பட்ட கல்வெட்டு இது ஒன்றே. "கோணலாவே இருக்கட்டும்ணே" என்றேன். பெரியவர் தலையசைத்துவிட்டு, குழியைச் சுற்றி மட்டும் கையால் தேய்த்து ஒப்பேற்றினார்.

போகிக்கு முதல்நாள் அம்மா வந்தார். மூச்சு வாங்கியதால் திண்ணையில் சற்று உட்கார்ந்துவிட்டு, பிறகு மெல்லப் பின்கட்டுக்கு நடந்தார். நான் கதவோரம் நின்றுகொண்டேன். மேடையில் சன்னல் வெளிச்சம் விழுந்திருந்தது. அம்மா உள்ளங்கையால் ஒருமுறை தடவினார்.

"யாருடா தேச்சது?"

"பாதி நானு, பாதி பாலிஷ்காரரும்மா."

"கையக் காட்டு."

காட்டினேன். விரல்நுனிகளில் தோல் உரிந்திருந்தது. அம்மா சிரித்தார்.

"நாலு நாளைக்கே இப்பிடியா? ஒனக்கு இது பளபளன்னு இருந்ததுதான் ஞாபகம் இருக்கு. எனக்கு ராத்திரி எல்லாரும் படுத்தப்பறம் தேங்கா நாரும் சாம்பலும் வச்சித் தேச்சதுதான் ஞாபகம். காலையில ஒங்க ஆயா வந்து மேடைய வெரலால தடவிப் பாப்பாங்க. கரி ஒட்டுச்சின்னா அன்னிக்கிப் பூரா பேச்சு."

இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். பிறகு குழியில் விரலை வைத்து, "இத ஏன் விட்டுட்ட, கோணலா இருக்குது பாரு" என்றார்.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஒரு கல்லின் இயல்பு என்று நான் நாற்பது ஆண்டுகளாக எண்ணிவந்தது, ஒரு பெண்ணின் இரவு நேர வேலையாக இருந்திருக்கிறது. அவர் செய்த முறையை இப்போது எண்ணிப்பார்க்கிறேன். விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. பிசுக்கைக் கழற்றும், மென்மையாகத் தேய்க்கவும் செய்யும். கடைசியில் அவர் துடைத்த எண்ணெய்த் துணி நுண்கீறல்களை நிரப்பியது. பெரியவர் எனக்கு நான்கு நாள்களில் கற்பித்ததை எவரும் கற்பிக்காமலே அம்மா ஒவ்வோர் இரவும் செய்திருக்கிறார்.

பணியின் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் உதகையில் இருந்தேன். சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா அங்குள்ள அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. அந்த ஊரின் பழைய வீடுகளில் கணப்புகளைக் காணும்போதெல்லாம் அவற்றின் அழகை வியந்திருக்கிறேன். இங்கிலாந்து வீடுகளில் பணிப்பெண்கள் விடியுமுன் எழுந்து, முந்தைய நாள் சாம்பலை அள்ளி, கணப்பின் இரும்புக் கம்பிகளுக்குக் கிராஃபைட் குழம்பு பூசித் தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம் என்பதை இப்போதுதான் படித்தேன். விருந்தினர் கூடும் அறையின் மினுமினுப்பும் எவளோ ஒருத்தியின் முழங்கால் வலிதான்.

எங்கள் வட்டாரந்தான் சங்க காலத்து ஓய்மாநாடு; திண்டிவனத்தை ஒட்டிய கிடங்கில் அதன் ஊர்களுள் ஒன்று. அந்நாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பொலிவிழந்த ஓர் அட்டில் அதில் வரும். சுவரைக் கறையான் அரிக்க, காளான் பூக்க, அங்கே ஒருத்தி குப்பைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைப்பாள். வறுமைச் சித்திரம் என்று விளக்கிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவேன். அடைத்த அந்தக் கதவுக்குள் நின்றவளைப் பற்றி ஒரு வினாகூடக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈராண்டுகளுக்கு முன் அம்மாவுக்கு மூச்சிரைப்பு மிகுந்தபோது, 2010இல் எங்கள் ஊரில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் முதலில் கேட்டது, "எத்தனை வருஷம் விறகடுப்புல சமைச்சீங்க?" நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். புகைபிடிக்காத பெண்களுக்கு அது வருவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று விறகுப்புகை. அன்று அதைக் கேட்டுக்கொண்டு மருந்துச் சீட்டோடு வெளியே வந்தவன், இப்போது அதே அடுப்பைச் சுற்றியிருந்த கல்லுக்கு மெருகேற்றி அவருக்கே பரிசாக வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே அடுப்பு என்பது அம்மா சிரிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

மேடையை இடிக்கலாமா என்று அம்மாவிடமே கேட்டேன். "இருந்துட்டுப் போவட்டும். தீ மட்டும் வைக்காத" என்றார். அப்படியே முடிவாயிற்று. அடுப்பு வாயில் இப்போது இரண்டு செடித் தொட்டிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையை நான் துடைக்கிறேன். ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி, புளிப்பு எதுவும் பக்கத்தில் வராது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார். முடித்ததும் சில நாள்களில் எழுந்து வந்து, ஆயா செய்ததுபோலவே மேடையை விரலால் தடவி, அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார்.